நின்றே வேலை செய்வோரின் கால்களில் புடைக்கும் நரம்புகள்: வெரிகோஸ் பாதிப்பைக் கண்டறிவது எப்படி? சிகிச்சைகள் என்னென்ன?

பாலக்காடு: கேரள மாநிலம் பாலக்காடு நகரை ஒட்டிய கல்பாத்தியில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வசித்து வருகின்றன. அங்குள்ள அக்ரஹாரத் தெருக்களில் வற்றல், அப்பளம், ஊறுகாய் தயாரிப்பும் திருமணச் சமையலும் பலருக்கு வாழ்வாதாரமாக உள்ளன. ஐப்பசி மாத இறுதியில் விஸ்வநாத சுவாமி கோயில் தேரோட்டம் நெருங்கும்போது அடுப்படியில் நிற்கும் நேரம் மேலும் நீள்கிறது. சற்றுத் தொலைவில், நகரின் துணிக்கடைகளிலும் நகைக்கடைகளிலும் விற்பனைப் பெண்கள் காலை முதல் இரவு வரை நின்றபடியே பணிபுரிகின்றனர். இவ்வாறு நின்று உழைப்போரிடம் அதிகம் காணப்படும் பாதிப்புகளில் ஒன்று, கால்களில் நீலநிறத்தில் முறுக்கிப் புடைத்து நிற்கும் ‘வெரிகோஸ் வெயின்’ ஆகும்.

தமிழில் இது நரம்பு சுருட்டு, சுருள் சிரை என்று பலவாறு அழைக்கப்படுகிறது. நரம்பு என்ற சொல் பேச்சுவழக்கில் நிலைத்துவிட்டாலும், இதில் பாதிக்கப்படுவது உணர்ச்சியைக் கடத்தும் நரம்பு அல்ல. இதயத்தை நோக்கி ரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரை. இந்தப் பெயர்க் குழப்பத்தால், நரம்பியல் மருத்துவரைத் தேடிச் சென்று அங்கிருந்து வேறு பிரிவுக்குத் திருப்பி அனுப்பப்படுவோரும் உண்டு. இதற்கு அணுக வேண்டியது பொது அறுவை சிகிச்சை நிபுணரை அல்லது ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணரை.

வால்வு பழுதானால் என்ன நேரிடும்?

பாதத்தில் இருந்து ரத்தம் இதயத்தை அடைய புவியீர்ப்புக்கு எதிராக மேலேற வேண்டும். இதற்கு உடலில் இரண்டு ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, சிரைகளுக்குள் அமைந்துள்ள ஒருவழி வால்வுகள். மேலே செல்லும் ரத்தத்துக்கு வழிவிடும் இவை, கீழே இறங்க முயலும் ரத்தத்தைத் தடுக்கின்றன. சிரை வால்வுகளின் அமைப்பை இத்தாலியின் பதுவா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபாப்ரிசியஸ் 1603-ஆம் ஆண்டு படங்களுடன் விவரித்தார். அவரது மாணவரான வில்லியம் ஹார்வி, 1628-இல் ரத்த ஓட்டத்தை விளக்கியபோது இந்த வால்வுகளையே முக்கியச் சான்றாக முன்வைத்தார்.

இரண்டாவது ஏற்பாடு கெண்டைக்கால் தசை. ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் இத்தசை சுருங்கி, ஆழமான சிரைகளில் உள்ள ரத்தத்தைப் பிழிந்து மேலே தள்ளுகிறது. கெண்டைக்காலை ‘இரண்டாவது இதயம்’ என்று மருத்துவர்கள் குறிப்பிடுவது இதனால்தான். ஒருவர் அசையாமல் நிற்கும்போது கணுக்கால் பகுதிச் சிரைகளில் அழுத்தம் 80 முதல் 90 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும். அவர் நடக்கத் தொடங்கினால் ஆரோக்கியமான காலில் இது சுமார் 30-க்கும் கீழே இறங்கிவிடும். நிற்பதற்கும் நடப்பதற்கும் இடையே இவ்வளவு வேறுபாடு உள்ளது. இடுக்கி மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களும் நாள் முழுவதும் உட்காருவதில்லை. ஆயினும் மலைச்சரிவில் நடந்துகொண்டே வேலை செய்யும் அவர்களுக்குக் கெண்டைக்கால் தசை இயங்கிக்கொண்டிருக்கிறது. கடை மேசைக்குப் பின்னால் ஒரே இடத்தில் நிற்கும் பெண்ணுக்கு அது கிடைப்பதில்லை.

வால்வு தளர்ந்து சரியாக மூடாத நிலை ஏற்பட்டால், மேலேறிய ரத்தம் மீண்டும் கீழே வழிந்து தேங்குகிறது. அழுத்தம் கூடக் கூடச் சிரையின் சுவர் விரிந்து, வளைந்து, தோலுக்கு அடியில் புடைக்கிறது. தொடையின் உட்புறம் வழியாக இடுப்பு மடிப்பு வரை செல்லும் பெரிய சஃபீனஸ் சிரையும், கெண்டைக்காலின் பின்புறம் செல்லும் சிறிய சஃபீனஸ் சிரையுமே பெரும்பாலும் பாதிக்கப்படுகின்றன.

புடைத்த சிரைகள் அனைத்தும் ஒரே வகையல்ல. நிற்கும் நிலையில் அளவிடும்போது 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விட்டமுள்ளவை வெரிகோஸ் சிரைகள். 1 மில்லிமீட்டருக்கும் குறைவாக, சிவப்பு அல்லது ஊதா நிறத்தில் சிலந்தி வலைபோலத் தோலில் படர்பவை சிலந்திச் சிரைகள். இரண்டுக்கும் இடைப்பட்டவை வலைச் சிரைகள் எனப்படுகின்றன. சிலந்திச் சிரைகள் பெரும்பாலும் தோற்றம் சார்ந்த கவலையாகவே இருக்கும். எனினும் கணுக்காலைச் சுற்றி விசிறிபோலப் படர்ந்திருந்தால், உள்ளே பெரிய சிரையில் கோளாறு உள்ளதா என்று பரிசோதிப்பது அவசியம்.

பெண்களுக்கு மட்டுமான நோயா?

இல்லை. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் 18 முதல் 64 வயது வரையிலான 1,566 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 1999-இல் வெளியாகின. அதில் முதன்மைச் சிரைகளில் வெரிகோஸ் பாதிப்பு ஆண்களில் 40 சதவீதமாகவும் பெண்களில் 32 சதவீதமாகவும் இருந்தது. பெண்கள் அதிகமாக மருத்துவரை நாடுவதும், வேட்டியோ கால்சட்டையோ அணியும் ஆண்கள் புண் வரும் வரை பொருட்படுத்தாமல் இருப்பதும் இந்த நோயைப் பெண்களின் நோயாகக் காட்டியிருக்கலாம். சமையற்காரர்கள், பேருந்து நடத்துநர்கள், முடிதிருத்துவோர், போக்குவரத்துக் காவலர்கள் ஆகியோரையும் இப்பாதிப்பு விட்டுவைப்பதில்லை.

பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வரும் வாய்ப்பு அதிகம். வயது, உடல் பருமன், ஏற்கெனவே காலில் ரத்தம் உறைந்த வரலாறு ஆகியவையும் காரணங்களாகின்றன. கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் அளவு கூடுவதாலும், ஹார்மோன் மாற்றத்தால் சிரைச் சுவர் தளர்வதாலும், கருப்பை இடுப்புச் சிரைகளை அழுத்துவதாலும் புடைப்பு தோன்றுகிறது. பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் பலருக்கு இது குறைந்துவிடும் என்பதால் கர்ப்ப காலத்தில் சிரையை அடைக்கும் சிகிச்சை பொதுவாகச் செய்யப்படுவதில்லை.

நின்று பணிபுரிவதன் பங்கு குறித்து டென்மார்க்கில் விரிவாக ஆராயப்பட்டுள்ளது. பணி நேரத்தில் முக்கால் பங்கோ அதற்கு மேலோ நின்றபடி அல்லது நடந்தபடி இருப்பவர்கள், வெரிகோஸ் பாதிப்புக்காக மருத்துவமனை செல்லும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 1.8 மடங்கு என்று 12 ஆண்டுகாலத் தொடர் கண்காணிப்பில் தெரியவந்தது. பரம்பரையை மாற்ற முடியாது. வயதையும் மாற்ற முடியாது. மாற்றக்கூடிய காரணங்களில் பணியிடம் ஒன்று.

உட்காரும் உரிமைக்கான போராட்டம்

அதை மாற்றச் சட்டம் வந்தது கேரளத்தில்தான். கோழிக்கோட்டைச் சேர்ந்த தையல் தொழிலாளியான விஜி, ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பின் வழியாகக் கடைகளில் பணிபுரியும் பெண்களை ஒன்றுதிரட்டினார். முதலில் எழுந்த கோரிக்கை கழிப்பறை. அடுத்தது நாற்காலி. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது, சுவரில் சாயக் கூடாது, மீறினால் சம்பளத்தில் பிடித்தம் என்ற நடைமுறைக்கு எதிராக நடந்த இந்த இயக்கம் ‘இரிக்கல் சமரம்’, அதாவது உட்காரும் போராட்டம் எனப் பெயர் பெற்றது. கால்வலியும் வெரிகோஸ் பாதிப்பும், கழிப்பறை இல்லாததால் ஏற்படும் சிறுநீர்த் தொற்றும் அப்பெண்கள் முன்வைத்த முக்கியப் புகார்கள்.

இதையடுத்து 2018-ஆம் ஆண்டு கேரள அரசு கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை வசதி அளிப்பதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு பிபிசி வெளியிட்ட உலகின் 100 பெண்கள் பட்டியலில் விஜி இடம்பெற்றார். மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2021 செப்டம்பரில், தமிழ்நாடு அரசும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. பணிக்கிடையே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்ளும் வகையில் எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அப்பிரிவு. தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி. கணேசன் பேரவையில் தாக்கல் செய்த மசோதாவின் நோக்க அறிக்கையிலும், நாள் முழுவதும் நிற்பதால் ஊழியர்களுக்கு ஏற்படும் உடல்நலக் குறைவுகள் காரணமாகக் கூறப்பட்டிருந்தன.

எனவே வாளையாறு எல்லைக்கு இருபுறமும் இது இப்போது சட்டப்படியான உரிமை. கடையின் மூலையில் பெயருக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டு அதில் உட்காருவதை மேற்பார்வையாளர் முறைத்துப் பார்க்கும் நிலை இருந்தால், அந்த உரிமைக்குப் பொருளில்லை. அதே நேரத்தில் மணிக்கணக்கில் கால்களைத் தொங்கவிட்டு உட்காருவதும் தீர்வாகாது. அவ்வப்போது குதிகாலை உயர்த்தி இறக்குவது, கணுக்காலைச் சுழற்றுவது, நாலு எட்டு நடப்பது ஆகியவைதான் கெண்டைக்கால் தசையை இயக்கும்.

அறிகுறிகளும் நிலைகளும்

மாலையில் கால் கனப்பது, கணுக்காலில் செருப்பு வாரோ காலுறையோ பதிந்த தடம் ஆழமாகத் தெரிவது, அரிப்பு, இரவில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது ஆகியவை தொடக்க அறிகுறிகள். காலை உயர்த்திப் படுத்தால் இவை தணியும்.

நோயின் தீவிரத்தை வகைப்படுத்த, 1994-இல் உருவாக்கப்பட்டு 2020-இல் மீண்டும் திருத்தப்பட்ட ‘சீப்’ என்ற முறையை உலகெங்கும் மருத்துவர்கள் பயன்படுத்துகின்றனர். இதில் சி1 என்பது சிலந்திச் சிரைகள், சி2 புடைத்த வெரிகோஸ் சிரைகள், சி3 வீக்கம், சி4 தோல் கருத்துத் தடிப்பது, சி5 ஆறிய புண், சி6 ஆறாத புண். அறிகுறி எதுவும் வெளியே தெரியாத நிலை சி0 எனப்படும். மருத்துவச் சீட்டில் இந்தக் குறியீடு இருந்தால் நோயாளி அதன் பொருளைக் கேட்டறிவது நல்லது. சிகிச்சையின் அவசரத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இதுவே.

தோல் கருப்பதைப் பலர் அழுக்கு என்றோ கொசுக்கடித் தழும்பு என்றோ எண்ணி விட்டுவிடுகின்றனர். உள் கணுக்காலுக்குச் சற்று மேலே தோல் பழுப்பாகி, தொட்டால் மரக்கட்டைபோல் இறுகியிருந்தால், தேங்கிய ரத்தத்தில் இருந்து கசிந்த இரும்புச்சத்து அங்கே படிந்துள்ளது என்று பொருள். புண் வருவதற்கு முந்தைய நிலை அது. அங்கே ஒரு சிறு கீறல் ஏற்பட்டாலும் மாதக்கணக்கில் ஆறாமல் போகலாம். சர்க்கரைப் புண் என்று தாமாகவே முடிவுசெய்து இனிப்பை மட்டும் நிறுத்திக்கொண்டு காத்திருப்பது பலனளிக்காது. பச்சிலை, மஞ்சள், கடைகளில் கேட்டு வாங்கும் களிம்பு ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பூசுவதால் ஒவ்வாமை ஏற்பட்டுப் புண் பெரிதாகவும் கூடும்.

பரிசோதனை

பழைய பாடநூல்களில் காலில் ரப்பர் பட்டை கட்டிப் பார்க்கும் டிரெண்டலென்பர்க் பரிசோதனைக்கு முக்கிய இடம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சஃபீனஸ் சிரையைக் கட்டும் அறுவை சிகிச்சையைப் பரவலாக்கிய ஜெர்மானிய மருத்துவரின் பெயரால் அமைந்த முறை அது. இன்று அதன் இடத்தை ‘டூப்ளெக்ஸ் டாப்ளர்’ என்ற அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் பிடித்துள்ளது. ஊசியோ கதிர்வீச்சோ இல்லாத, வலியற்ற பரிசோதனை இது.

நோயாளி கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ரத்தம் கீழ்நோக்கி வழிவதைக் கண்டறிய, நோயாளியை நிற்கவைத்து, எடையை மறுகாலில் தாங்கச் சொல்லி ஸ்கேன் செய்ய வேண்டும். கெண்டைக்காலைப் பிழிந்து விட்ட பின், மேலோட்டச் சிரையில் ரத்தம் அரை விநாடிக்கு மேல் கீழ்நோக்கி ஓடினால் வால்வு பழுதாகியுள்ளது என்று முடிவு செய்யப்படுகிறது. படுக்கவைத்து மட்டுமே எடுக்கப்படும் ஸ்கேனில் கோளாறு தென்படாமல் போகலாம். ஆழச் சிரைகளில் பழைய ரத்த உறைவு உள்ளதா என்பதும் இதே ஸ்கேனில் தெரிந்துவிடும். அது தெரியாமல் மேலோட்டச் சிரையை அடைப்பது முறையல்ல.

சிகிச்சை முறைகள்

அழுத்தக் காலுறை இதில் பழைமையான வழி. காலையில் கட்டிலில் இருந்து இறங்கும் முன்பே, கால் வீங்காத நிலையில் அணிய வேண்டும். கணுக்காலில் அதிக அழுத்தமும் மேலே செல்லச் செல்லக் குறைந்த அழுத்தமும் தரும் வகையில் இவை நெய்யப்படுகின்றன. காலை அளந்து வாங்காவிட்டால் பயனில்லை. பாலக்காட்டின் மார்ச், ஏப்ரல் வெயிலில் இதை அணிந்துகொண்டு அடுப்படியில் நிற்பது எளிதல்ல என்பதால் பலர் பாதியில் கைவிடுகின்றனர். மற்றோர் எச்சரிக்கையும் தேவை: புகைப்பிடிப்போர், நீரிழிவு நோயாளிகள், முதியோர் ஆகியோருக்குக் காலுக்குச் செல்லும் தமனி ரத்த ஓட்டமே குறைந்திருக்கக்கூடும். அத்தகைய காலில் இறுக்கமான காலுறை அணிந்தால் கெடுதலே மிஞ்சும். கணுக்கால், கை ரத்த அழுத்தங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மருத்துவர் இதைப் பரிந்துரைப்பார்.

டையோஸ்மின் போன்ற மாத்திரைகள் கனத்தையும் வீக்கத்தையும் ஓரளவு குறைக்கும். எண்ணெய்த் தேய்ப்பு தோல் வறட்சிக்கு உதவலாம். பழுதான வால்வை மாத்திரையாலோ எண்ணெயாலோ சீராக்க முடியாது. காலில் திடீர் வலியும் வீக்கமும் இருக்கும்போது அழுத்தித் தேய்ப்பது ஆபத்தானது. உள்ளே ரத்தம் உறைந்திருந்தால் அது நகரக்கூடும்.

தற்போது முதல் தேர்வாகக் கருதப்படுவது சிரைக்குள்ளேயே வெப்பம் செலுத்தி அதை மூடிவிடும் முறை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான ‘நைஸ்’ 2013-இல் வெளியிட்ட நெறிமுறையில் லேசர் அல்லது ரேடியோ அலை சிகிச்சைக்கு முதலிடமும், அது பொருந்தாதவர்களுக்கு நுரை ஊசிக்கு அடுத்த இடமும், அறுவை சிகிச்சைக்கு அதன் பின்னரும் இடமளித்தது. முழங்கால் அருகே ஊசி வழியாக மெல்லிய குழாய் செலுத்தப்பட்டு, ஸ்கேனில் பார்த்தபடியே மேலே நகர்த்தப்படுகிறது. சிரையைச் சுற்றி மரத்துப்போகச் செய்யும் திரவம் செலுத்தப்பட்ட பின், வெப்பம் பாய்ச்சப்படுகிறது. ரேடியோ அலைக் கருவியின் முனை சுமார் 120 டிகிரி செல்சியஸ் வரை சூடாகிறது. சிரைச் சுவர் சுருங்கி ஒட்டிக்கொள்ள, ரத்தம் வேறு நல்ல சிரைகள் வழியே திரும்பிச் செல்கிறது. நோயாளி அன்றே நடந்து வீடு திரும்பலாம். நடப்பது சிகிச்சையின் ஒரு பகுதியும்கூட.

ஒரு சிரையை மூடிவிட்டால் ரத்தம் எப்படித் திரும்பும் என்ற அச்சம் பலருக்கும் உண்டு. காலின் ரத்தத்தில் பெரும்பகுதி ஆழச் சிரைகள் வழியாகவே செல்வதால், கெட்டுப்போன மேலோட்டச் சிரையை இழப்பதால் பாதிப்பு ஏற்படுவதில்லை.

நுரை ஊசியில் பாலிடோகனால் அல்லது சோடியம் டெட்ராடெசில் சல்ஃபேட் மருந்தைக் காற்றுடன் கலந்து நுரையாக்கிச் சிரைக்குள் செலுத்துகின்றனர். செலவு குறைவு, ஆனால் மீண்டும் தோன்றும் வாய்ப்பு அதிகம். பசையால் ஒட்டும் முறைக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2015-இல் அனுமதி அளித்தது. கட்டி உருவும் பழைய அறுவை சிகிச்சை, வளைந்து நெளிந்து குழாய் நுழைய முடியாத சிரைகளுக்கு இன்றும் பயன்படுகிறது. தோலில் மரத்த உணர்வு, நிறமாற்றம், அரிதாக ஆழச் சிரையில் ரத்த உறைவு ஆகியவை பக்கவிளைவுகள். எந்த முறையைத் தேர்ந்தாலும் சில ஆண்டுகளில் வேறு சிரைகள் புடைக்கக்கூடும் என்பதை நோயாளிக்கு முன்கூட்டியே தெரிவிப்பது மருத்துவரின் கடமை.

சிலந்திச் சிரைகளுக்கு நுண் ஊசியில் மருந்து செலுத்துவதும் தோல்மேல் லேசரும் உள்ளன. ஒரே அமர்வில் மறைந்துவிடாது. தோற்றத்துக்காக மட்டும் செய்யப்படும் சிகிச்சைக்குக் காப்பீடு பொதுவாகக் கிடைப்பதில்லை.

ஆறாத புண் உள்ளவர்கள் புண் ஆறட்டும், பிறகு சிரையைப் பார்க்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. பிரிட்டனில் 450 நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ‘எவ்ரா’ ஆய்வில், கட்டுப்போடுவதுடன் சிரை சிகிச்சையையும் உடனே பெற்றவர்களில் பாதிப் பேருக்கு 56 நாட்களுக்குள் புண் ஆறியது. சிரை சிகிச்சையைத் தள்ளிப்போட்டவர்களுக்கு இது 82 நாட்களாக இருந்தது. நாள்கூலியில் வாழும் ஒருவருக்கு அந்த 26 நாட்கள் ஏறக்குறைய ஒரு மாத வருமானம்.

எங்கே செல்வது?

கல்பாத்தி, பாலக்காடு பகுதியினருக்கு மாவட்ட மருத்துவமனையும் 2014-இல் தொடங்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியும் அருகில் உள்ளன. மேல் சிகிச்சைக்குப் பலர் கோயம்புத்தூர் செல்கின்றனர். மூணாறு, தேவிகுளம் தோட்டப் பகுதியினருக்குத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஒரு வாய்ப்பு. கேரளத்தின் காருண்யா ஆரோக்கிய சுரக்ஷா திட்டமும் தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் மாநிலம் சார்ந்தவை என்பதால், எல்லை கடந்து சிகிச்சைக்குச் செல்வோர் தங்கள் அட்டை அங்கே செல்லுமா, பரிந்துரைக்கப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்பதை மருத்துவமனையின் காப்பீட்டு உதவி மையத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இரண்டு நிலைகளில் மட்டும் நாள் பார்த்துச் செல்ல அவகாசமில்லை. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, சூடாகி, வலித்தால் அது ஆழச் சிரை ரத்த உறைவாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அத்துடன் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் உறைவு நுரையீரலை எட்டியிருக்கக்கூடும். உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

மற்றொன்று, புடைத்த சிரை உடைந்து ரத்தம் பீறிடுவது. குளிக்கும்போதோ சொறியும்போதோ இது நேரலாம். அதிக வலி இராது என்பதால் நோயாளி கவனிக்கத் தாமதிப்பதுண்டு. அப்போது நின்றுகொண்டோ உட்கார்ந்துகொண்டோ இருக்கக் கூடாது. உடனே தரையில் படுத்து, காலை இதயத்தின் மட்டத்துக்கு மேல் உயர்த்தி, சுத்தமான துணியை மடித்து ரத்தம் வரும் இடத்தில் பத்து நிமிடங்களுக்குக் குறையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். இடையில் துணியை எடுத்துப் பார்க்கக் கூடாது. புண்ணுக்கு மேலே கயிறோ துணியோ இறுகக் கட்டுவது பலரும் செய்யும் தவறு. அது ரத்தம் மேலே திரும்பும் வழியை அடைத்து, கசிவை அதிகமாக்கிவிடும்.